உலை வைத்த பிறகு கிடைக்கும் நேரம்

இலக்கியக் கூட்டங்களில் பெண் எழுத்தாளர் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும். "வீட்டையும் பாத்துக்கிட்டு எப்படிம்மா எழுதுறீங்க?" கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் அதே மேடையில், அதற்கு முன் பேசிய ஆண் எழுத்தாளரிடம் அந்தக் கேள்வி போகாது. அவரிடம் மாய யதார்த்தம் பற்றிக் கேட்பார்கள், அடுத்த நாவல் பற்றிக் கேட்பார்கள். அவர் வீட்டில் மதியச் சோறு யார் வடித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கென்னவோ இதை விமர்சனத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று படுகிறது. வீட்டின் ஒழுங்கு எழுத்தை என்ன செய்கிறது? நேரத்தைத் தின்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். அதற்கு மேலே ஏதாவது இருக்கிறதா? எழுத்தின் வடிவத்துக்குள், அது பார்க்கும் பார்வைக்குள் வீடு எப்படி நுழைகிறது? தமிழில் இதற்குப் பதில் தேட நல்ல கதைகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் வாழ்க்கைக் கதையைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோம், கதைகளைக் குறைவாகவே பேசுகிறோம்.

முதலில் வீட்டின் ஒழுங்கு என்றால் என்ன என்று பார்க்கலாம். பெருக்குவதும் துவைப்பதும் அதன் வெளித்தோற்றம். அந்த வேலைகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது, ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று பால் கெடுவதற்குள் காய்ச்ச வேண்டும், மேல் தொட்டிக்கு மோட்டார் போட வேண்டும், போட்டதை மறக்காமல் அணைக்க வேண்டும், மாமியாரின் சர்க்கரை மாத்திரை வெள்ளிக்கிழமை தீர்ந்துவிடும், சின்னவனுக்குப் புதன்கிழமை வெள்ளைச் சட்டை, சிலிண்டர் பதிவு செய்து எத்தனை நாளாச்சு, நாளைக்கு மாவு அரைக்க இன்று மதியமே ஊற வைக்கணும். இதெல்லாம் கையால் செய்வதற்கு முன்னால் மனசால் செய்யப்படும் வேலை. யாரோ ஒருத்தருடைய தலைக்குள் இந்தப் பட்டியல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால்தான் வீடு ஒழுங்காக இருக்கும்.

எழுதுகிறவருக்கும் இதே இடம்தான் வேண்டும். நாவல் எழுதுகிறவர் மேசையை விட்டு எழுந்த பிறகும் அந்த நாவல் தலைக்குள் ஓட வேண்டும். பாத்திரம் அடுத்து என்ன சொல்வாள் என்பது குளிக்கும்போது தெரிய வரும், பேருந்தில் தெரிய வரும். ஆகவே மோதல் கடிகாரத்தில் மட்டும் நடப்பதில்லை, நினைவில் நடக்கிறது. இரண்டு மணி நேரம் கிடைத்தும் ஒரு வரி எழுத முடியாமல் போவதன் காரணம் இது. நேரம் காலியாக இருந்தது, தலை காலியாக இல்லை.

அம்பையின் 'சிறகுகள் முறியும்' கதையை இந்த இடத்தில் வைத்துப் படிக்கலாம். 1976-இல் அதே தலைப்பில் தொகுப்பாக வந்தது. கதையின் நாயகி சாயா, கணவனின் கணக்குப் பார்க்கும் குணத்துக்குள் மூச்சு முட்டி வாழ்பவள். அவள் ஒரு புத்தகம் எழுதுகிறாள். தாளில் இல்லை, மனசுக்குள். அந்தப் புத்தகத்தின் பெயரும் சிறகுகள் முறியும்தான். கணவனின் கஞ்சத்தனத்தை நாம் எளிதில் வில்லத்தனம் என்று வாசித்துவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அவன் தன்னை ஒழுங்கானவன் என்றுதான் நம்புகிறான். செலவுக்கு ஒரு முறை, சேமிப்புக்கு ஒரு முறை, மனைவிக்கு ஒரு முறை. அந்த ஒழுங்கில் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இடம் கிடையாது. அதனால் சாயா தாளே தேவைப்படாத புத்தகத்தை எழுதுகிறாள். பட்டியல் ஓட வேண்டிய அதே தலைக்குள் அவள் வாக்கியங்களை ஓட்டுகிறாள். அவளுடைய கலகம் அவ்வளவுதான். கதை அதைப் பெரிதாக்கவில்லை. மனசுக்குள் எழுதிய புத்தகத்துக்கு வாசகர் யாரும் இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை.

1988-இல் வந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதைக்கு வருவோம். ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். தெற்கிலிருந்து மருமகளாகப் போகிற மீனாட்சி அந்த வீட்டின் சமையலறையைப் பார்க்கிறாள். வீட்டின் மற்ற பகுதிகள் விரிந்துகொண்டே போக, சமையலறை ஏதோ நினைவுக்கு வந்து கடைசியில் ஒட்டவைத்தது போல இருக்கிறது. வெளியே பச்சை மலை. அதைப் பார்க்க விடாமல் உலர்த்திய துணிகள். இதைச் சரிசெய்யலாமே என்று அவள் சொல்லும்போது மாமனாருக்கு அது விளங்குவதே இல்லை. சமையலறைக்கு எதற்குக் காட்சி?

இந்தக் கதையைப் பெண்ணடிமைத்தனத்தின் சித்திரம் என்று பாடப்புத்தக பாணியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்தச் சமையலறையில் அதிகாரம் இருக்கிறது. மாமியார் ஜீஜிக்கு அங்கே ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது. யாருக்கு எப்போது என்ன, எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் சக்தி அது. அவருக்கு வெளியில் வேறு சக்தி எதுவும் இல்லாததால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். கதையின் முடிவை ஒட்டி, படுத்திருக்கும் ஜீஜியிடம் மீனாட்சி பேசும்போது, பலம் என்று நீங்கள் நினைத்தது பலமே இல்லை என்ற உண்மையைத்தான் மெதுவாகச் சொல்கிறாள். அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம்! வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சொத்து செல்லாத நோட்டு என்று யாரோ சொல்வது போல.

எழுத வேண்டும் என்று நினைக்கிற பெண்ணுக்கு இதில் ஒரு சங்கடமான செய்தி உண்டு. வீட்டு ஒழுங்கு வெறும் சுமை மட்டும் என்றால் இறக்கி வைப்பது எளிது. அது பெருமையும்கூட. "அவ கை பட்டாத்தான் ரசம் ரசமா இருக்கும்", "அவ இல்லேன்னா இந்த வீடு ஓடாது" என்பதெல்லாம் சங்கிலி மாதிரியும் இருக்கிறது, மாலை மாதிரியும் இருக்கிறது. எழுத்து இந்த மாலையை விலையாகக் கேட்கிறது. ரசம் கொஞ்சம் சுமாராக இருக்கட்டும், நான் இல்லாமல் வீடு ஓடட்டும் என்று விட முடிந்தால்தான் நினைவில் இடம் பிறக்கும். அந்த இழப்பைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதிய நூல் காரணமாக 'சொந்தமாக ஓர் அறை' என்பது எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. அவர் அறையோடு சேர்த்து ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்றார். அறையை நினைவில் வைத்துக்கொண்டு பணத்தை மறந்துவிட்டோம். அது போகட்டும். நம் வீடுகளில் அறை இருந்தாலும் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட முடியுமா? "என்ன உள்ள பூட்டிக்கிட்டு?" என்று கேட்க ஆள் இருக்கும். கேள்வி வராத ஒரே தாழ்ப்பாள் கழிவறையினுடையது.

சல்மாவின் வாழ்க்கை இதை அப்படியே மெய்ப்பித்தது. துவரங்குறிச்சியில் பூப்படைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பிறகு திருமணமாகி, எழுதுவதை ஏற்காத வீட்டில் இரவுகளில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதினார். கவிதைகளை அவருடைய அம்மா யாருக்கும் தெரியாமல் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தது. இந்தச் செய்தி இப்போது உலகப் பிரசித்தம். 2013-இல் ஆவணப்படமாகவும் வந்துவிட்டது. என் மனக்குறை என்னவென்றால், சல்மாவைப் பற்றிய கட்டுரைகளில் பாதி அந்தக் கழிவறையிலேயே நின்றுவிடுகின்றன. எழுதிய இடம் தெரிந்துவிட்டால் எழுதியதைப் படிக்க வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. இதுவும் ஒருவகையில் பெண்ணைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளிப் பூட்டுவதுதான்.

படித்தால் என்ன தெரிகிறது? 2004-இல் வந்த நாவலின் பெயர் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. ஜாமம் என்பது ஏழரை நாழிகை, நம் கணக்கில் மூன்று மணி நேரம். இரவின் இரண்டாம் ஜாமம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஆண்கள் உண்டு முடித்து, பாத்திரம் கழுவி, குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு பெண்களுக்கென்று மிஞ்சுகிற நேரம் அது. தலைப்பே வீட்டின் கால அட்டவணையிலிருந்து வருகிறது. நாவலுக்குள் போனால் ஒற்றை நாயகி என்று யாரும் கிடையாது. ராபியா என்ற சிறுமியின் கண்ணிலிருந்து ஆரம்பித்து வஹிதா, ஃபிர்தவ்ஸ், ரஹிமா என்று வீட்டுக்கு வீடு கதை போகிறது. திண்ணைப் பேச்சு மாதிரி, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுக்கிறாள்.

இந்தச் சிதறலைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. கட்டுக்கோப்பு போதாது, கதாபாத்திரங்கள் அதிகம் என்று. கட்டுக்கோப்பு என்பது யாருடைய ஒழுங்கு என்று திருப்பிக் கேட்கலாம். ஒரு மனிதனின் பயணமாக நாவலைக் கட்டுவதற்கு, அந்த மனிதன் வாசலைத் தாண்டிப் போகக்கூடியவனாக இருக்க வேண்டும். வாசலைத் தாண்ட முடியாதவர்களின் நாவலில் கதைதான் வீடு விட்டு வீடு நடக்கும். அதோடு இந்த நாவல் சொல்கிற கடுமையான விஷயம் ஒன்று உண்டு. அந்த வீடுகளின் ஒழுங்கைக் காவல் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கடையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஜீஜியின் சமையலறை இங்கே தெரு முழுக்கப் பரவியிருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் துண்டு துண்டான வடிவம்தான் வரும், ஆகவே கவிதையும் சிறுகதையும் பெண்களுக்கு இயல்பு என்று ஒரு வாதம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு ஒத்துழைக்கவில்லை.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை வயதில் திருமணம். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில், தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்தார். பிறகு 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடமே போகாதவர், குடும்பத்தை நடத்திக்கொண்டே மூன்று பெரிய நாவல்களின் வரிசையை எழுதி, 1976-இல் ஞானபீடம் பெற்ற முதல் பெண் ஆனார். இவர்களுக்கு மட்டும் நாளுக்கு முப்பது மணி நேரம் இருந்ததா என்ன? மறுபக்கம், அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் தான் ஏன் சிறுகதைக்காரன் ஆனேன் என்று எழுதும்போது, இரண்டு பிள்ளைகளையும், துணி துவைக்கும் கடையில் உலர்த்தும் இயந்திரத்துக்காகக் காத்துக் கிடந்த ஒரு மதியத்தையும்தான் காரணமாகக் காட்டுகிறார். ஆணின் தலையிலும் அந்தப் பட்டியல் ஏறினால் அதேதான் நடக்கிறது.

அப்படியானால் கோதைநாயகிக்கு எது வழிவிட்டது? கணவரின் ஆதரவு ஒரு காரணம். இன்னொரு காரணம் பத்திரிகை என்று நினைக்கிறேன். இதழ் குறித்த தேதியில் வர வேண்டும். அச்சகம் காத்திருக்கும், சந்தாதாரர் காத்திருப்பார்கள். தொடர்கதை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் எழுத்து பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து வேலை என்ற நிலைக்கு ஏறுகிறது. நம் குடும்பங்கள் ஆசைக்கு வழிவிடாது, கடமைக்கு வழிவிடும். "அம்மாவுக்கு எழுதணும்னு ஆசை" என்றால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். "நாளைக்குள்ள அனுப்பியாகணும், இல்லேன்னா அடுத்த இதழ் நிக்கும்" என்றால் யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் என்று ஒரு பெரிய வரிசை இந்தப் பத்திரிகை ஏற்பாட்டின் துணையோடு வளர்ந்தது.

அவர்களை விமர்சனம் எப்படி நடத்தியது? 'குடும்பக் கதை' என்று ஒரு அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தியது. அதில் நியாயமான இலக்கிய மதிப்பீடும் இருந்தது, மறுக்கவில்லை. அந்தக் கதைகளில் பலவும் வீட்டின் ஒழுங்கைக் கேள்வி கேட்பதுபோல ஆரம்பித்து, கடைசியில் அதைத் தூசி தட்டி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகும். ஆனால் ஒரு வரிசையையே மொத்தமாக ஒதுக்கியபோது, அதற்குள் தனித்து நின்றவர்களும் சேர்ந்து ஒதுங்கினார்கள். ஆர். சூடாமணி திருமணம் செய்துகொள்ளாதவர். குடும்பத்துக்குள் ஒருவர் இன்னொருவரை எப்படிக் காயப்படுத்துகிறார் என்பதை அவரளவுக்குத் துல்லியமாகப் பார்த்தவர்கள் குறைவு. அவருக்கு உரிய வாசிப்பு அமைய ரொம்பக் காலமாயிற்று. நம் விமர்சனமும் ஒரு வீடு மாதிரிதான் நடந்துகொண்டது. கூடத்தில் சிலர், அடுக்களையில் சிலர்.

வீட்டு ஒழுங்கை ஆண்களால் எழுத முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இருக்கிறது. துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு வரும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்கு அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, கஞ்சி காய்ச்சுகிறார். காதல் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை. அடுத்தடுத்துச் செய்யும் காரியங்கள்தான் காதல். அவள் இறந்த பிறகும் அவர் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே இருக்கிறார். அந்தக் கதையின் நடைக்கே வீட்டு வேலையின் வேகம் இருக்கிறது, அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒரு குடத்தை வைத்துக்கொண்டு சென்னைத் தெருவின் மொத்த வாழ்வையும் காட்டிவிடுகிறது. கவனித்துப் பார்த்தவர் யாராக இருந்தாலும் எழுதலாம்.

ஆனால் கவனித்துப் பார்ப்பதும் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாக வந்திருக்கின்றன. அவற்றில் அன்பு இருக்கிறது, பணமில்லாத தவிப்பு இருக்கிறது. அந்தக் கடிதங்களுக்கு மறுமுனையில் ஒரு பெண் பிரிவிலும் காத்திருப்பிலும் இருந்தார். கமலா விருத்தாசலமும் கதைகள் எழுதியவர். அவருடைய 'காசுமாலை' தொகுப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்போம்? ஒரு வீட்டில் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் பெயர் நமக்கு ஒரு சகாப்தம். இன்னொருவர் அந்தச் சகாப்தத்தின் அடிக்குறிப்பு. திறமையின் அளவுதான் காரணம் என்று சொல்லிவிடலாம்தான். திறமை வளரத் தேவையான நேரமும் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்று கேட்காமல் அப்படிச் சொல்வது சரியாகாது.

விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இதில் கடைசிக் கேள்வி. அம்பையின் 'பிரசுரிக்கப்படாத கைப்பிரதி' கதையில் ஒரு மகள், தன் அம்மா எழுதி வைத்த கைப்பிரதியைக் கண்டெடுக்கிறாள். கவிஞன் ஒருவனோடு அம்மா வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்கிறது. அவனுடைய கவிதை ஊரறிந்தது, அடி அவளுக்கு மட்டும் தெரிந்தது. கலைக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்ற நம் பழக்கத்தின் மீது அந்தக் கைப்பிரதி விழுகிறது.

பெண் எழுதினால் இந்தக் கணக்கு தானாக நேராகிவிடும் என்றும் நம்பிவிட முடியாது. கனடாவின் ஆலிஸ் மன்ரோ, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கிடைத்த நேரத்தில் எழுதி, 2013-இல் நோபல் பரிசு பெற்றவர். 1968 தொகுப்பில் அவருடைய 'அலுவலகம்' கதை இருக்கிறது. எழுதுவதற்கென்று வெளியே ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் பெண்ணை, அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. வீட்டுக்கும் எழுதும் பெண்ணுக்குமான உறவைப் பற்றி அதைவிடக் கூர்மையான கதை குறைவு. ஆனால் 2024-இல் மன்ரோ இறந்த சில வாரங்களில் அவருடைய மகள் பொதுவெளியில் எழுதினார். சிறுமியாக இருந்தபோது அம்மாவின் இரண்டாம் கணவர் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார், அது தெரிய வந்த பிறகும் அம்மா அவரோடுதான் வாழ்ந்தார் என்று. வீட்டின் ஒழுங்கு குலையாமல் இருக்க ஒரு பிள்ளையின் வாய் மூடியிருந்தது. அந்த அமைதிக்குள் அமர்ந்து நல்ல கதைகள் எழுதப்பட்டன. அந்தக் கதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குடும்பத்தையும் எழுத்தையும் 'சமன் செய்தவர்' என்று யாரையாவது புகழும்போது, தராசின் அடியில் யாருடைய கை நசுங்கியிருக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஆகவே அதிகாலை நாலு மணிக்கு எழுந்திருங்கள், தினம் ஒரு பக்கம் எழுதுங்கள் என்பது போன்ற யோசனைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாலு மணிக்கு எழுந்தவள் பத்து மணிக்குத் தூங்க முடிந்ததா என்பதை அந்த யோசனை கேட்பதில்லை. தனி ஒருத்தியின் வைராக்கியத்தால் சரியாகிற விஷயம் இல்லை இது. தலைக்குள் ஓடும் பட்டியலைப் பங்கு போட வேண்டும். "என்ன வேலைன்னு சொல்லு, செய்றேன்" என்பதில் பங்கு இல்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு இன்னும் அவள் தலையில்தானே இருக்கிறது? மாத்திரை தீரப்போகிறது என்று இன்னொருவருக்குத் தானாக ஞாபகம் வரும்போதுதான் அவளுக்கு ஒரு வாக்கியத்துக்கான இடம் கிடைக்கும்.

விமர்சனம் செய்ய வேண்டியதும் உண்டு. எழுதிய இடத்தைப் பார்த்து உருகுவதை நிறுத்திவிட்டு, எழுதியதைப் படிக்க வேண்டும். சிதறலாகத் தெரிவதற்குள் வேறொரு ஒழுங்கு இருக்கிறதா என்று பொறுமையாகத் தேட வேண்டும். கூட்டங்களில் அந்தப் பின்வரிசைக் கேள்வியை எல்லாரிடமும் கேட்டால்கூடத் தப்பில்லை. "ஐயா, நீங்க இந்த ஆயிரம் பக்க நாவலை எழுதின ஆறு வருஷமும் உங்க வீட்ல யார் சமைச்சாங்க?" குற்றம் சாட்டுவதற்காகக் கேட்க வேண்டாம். அந்த நாவலுக்குள் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது என்பது பதிவாக வேண்டும், அதற்காக.

சாயா மனசுக்குள் எழுதிய புத்தகத்தை நாம் படிக்கப் போவதில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை சாயாக்கள், எத்தனை புத்தகங்கள் என்று எந்த நூலகப் பட்டியலிலும் இருக்காது. தமிழ் இலக்கிய வரலாறு என்று நாம் எழுதிக்கொண்டிருப்பது, தாழ்ப்பாள் கிடைத்தவர்களின் வரலாறு. அதை எழுதும்போது இந்த ஒரு விஷயம் ஞாபகத்தில் இருந்தால் போதும், நம் தீர்ப்புகளின் குரல் கொஞ்சம் தணியும்.